கை எட்டும் உயரத்தில் ஒரு தலை: வாசகர் கேள்வி – பதில்

என் நாய் மணியுடன் முதியோர் இல்லத்துக்குப் போய்வருவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான கடிதங்கள் பெரிய நாய்களைப் பற்றியவை என்பதால், இம்மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு நாய் வீராவுக்கு இரண்டு வயது. லாப்ரடோர் கலப்பு, எடை 36 கிலோ. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் பெரியம்மா, பக்கவாதம் வந்த பிறகு இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். பல வாரங்களாக அவர் யாரிடமும் பேசவில்லை. ஒரு நாள் வீராவை இல்லத்தின் வாசல்வரை அழைத்துச் சென்றிருந்தேன். அவனைப் பார்த்ததும், "வெயில்ல நிக்கிறான், தண்ணி குடு" என்றார். அன்றிலிருந்து அவனைத் தெரபி நாயாகப் பழக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவ்வளவு பெரிய நாய்க்கு அது பொருந்துமா? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பொருந்தும் அம்மா. உங்கள் பெரியம்மா சொன்ன அந்த வார்த்தைகளைப் பலமுறை படித்தேன். குளிப்பதற்கும் உண்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவர், இன்னோர் உயிரின் தாகத்தைக் கவனித்து, அதற்காக வாய் திறந்திருக்கிறார். நாயை அங்கே அழைத்துச் செல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

தெரபி நாய் என்பதைச் சிலர் சிகிச்சை நாய் என்று எழுதுகிறார்கள். அது எந்த நோய்க்கும் சிகிச்சை அளிப்பதில்லை. மருத்துவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் செய்ய வேண்டியதை அவர்கள்தான் செய்ய வேண்டும். ஆகவே ஆறுதல் நாய் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த நாய் ஒருவருக்காகவே பயிற்சி பெற்றது. அது வேலையில் இருக்கும்போது மற்றவர்கள் தொடக் கூடாது. ஆறுதல் நாயையோ, முன்பின் அறியாத பலர் தொடுவதற்காகவே அழைத்துச் செல்கிறோம். எனவே பிறர் தொடுவதை அது பொறுத்துக்கொண்டால் மட்டும் போதாது. அதை விரும்பவும் வேண்டும்.

உருவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்பணியில் முதலில் பெயர் பெற்ற ஸ்மோக்கி என்ற நாய் 2 கிலோகூட எடை இல்லாத யார்க்ஷயர் டெரியர். 1944ஆம் ஆண்டு, பில் வின் என்ற அமெரிக்கப் படைவீரர் நியூ கினியில் டெங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தபோது, நண்பர்கள் அவருடைய நாயை அவரிடம் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த தாதியர் அதைக் காயம்பட்ட மற்ற வீரர்களின் படுக்கைகளுக்கும் எடுத்துச் சென்றார்கள். ஆனால் 1976இல் நியூ ஜெர்சியில் இப்பணிக்கென ஓர் அமைப்பை நிறுவிய எலைன் ஸ்மித் என்ற தாதிக்கு அந்த எண்ணம் வந்தது ஒரு பெரிய நாயைப் பார்த்து. அவர் இங்கிலாந்தில் பணியாற்றிய காலத்தில், பாதிரியார் ஒருவர் தம் கோல்டன் ரெட்ரீவருடன் நோயாளிகளைப் பார்க்க வந்ததையும், அந்த நாயைக் கண்டதும் நோயாளிகளின் முகம் மாறியதையும் கவனித்திருந்தார்.

சிறிய நாயை மடியிலோ கட்டிலிலோ தூக்கி வைக்க வேண்டும். பெரிய நாய் சக்கர நாற்காலியின் அருகில் வந்து நின்றாலே, அதன் தலை கைப்பிடியின் உயரத்துக்கு வந்துவிடும். பக்கவாதத்தால் தூக்க முடியாத கைகூட, கைப்பிடியிலிருந்து சற்றுச் சரிந்தால் அந்தத் தலையின்மேல் போய் அமரும். குனிய வேண்டாம், எட்ட வேண்டாம். உங்கள் பெரியம்மாவின் நிலையில் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஆயினும், நாய் பெரிதானால் அதன் பிழையும் பெரிதாகிவிடும். இரண்டு கிலோ நாய் மேலே தாவினால் சிரிப்போம். 36 கிலோ நாய் தாவினால் எண்பது வயது மூதாட்டியின் இடுப்பு எலும்பு முறியும்.

வயது சரியாகவே இருக்கிறது. ஆறுதல் நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஒரு வயது நிறைந்த நாய்களையே ஏற்கிறது. ஆனால் பெரிய இனங்கள் மனத்தளவில் மெதுவாகவே முதிர்கின்றன என்பதால், இரண்டு வயதுவரை காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

பல மாத உழைப்பைச் செலவிடுமுன் வீட்டிலேயே அவன் இயல்பைப் பார்த்துவிடுங்கள். வீராவுக்குப் பழக்கமில்லாத உறவினர் ஒருவரை வரச் சொல்லி, அவனை அழைக்காமலும் தொடாமலும் நாற்காலியில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் அவனாகவே போய் அவர் காலில் சாய்ந்தால், அது நல்ல அறிகுறி. பிறகு, அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு சட்டி மூடியைக் கீழே போடுங்கள். அவன் திடுக்கிடுவதில் தவறில்லை; சில விநாடிகளில் தெளிந்து, அது என்னவென்று மோந்து பார்க்கத் திரும்பி வருகிறானா என்பதே கேள்வி. அந்நியரைக் கண்டு உறுமுகிற நாயையும், அவரைக் கண்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிற நாயையும் இந்தப் பணிக்கு வற்புறுத்தக் கூடாது. அவை வீட்டில் அன்போடு வாழட்டும்.

கேள்வி: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக எங்களுக்கு வசதியில்லை. – ஒரு வாசகர், லிந்தாங்

பதில்: வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம். முதல் வேலை, குடும்பத்தில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதென்று முடிவு செய்வது. அப்பா "சிட்" என்றும், அம்மா "உக்காரு" என்றும், பிள்ளை பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் மலாயில் "டுடுக்" என்றும் சொல்லும் வீடுகளை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று சொல்லுக்கும் விழித்துக்கொண்டு நிற்கும் நாயை மந்தம் என்று திட்டுவது நியாயமாகாது. உட்கார், படு, இரு, வா, விடு என்னும் ஐந்து சொற்கள் முதலில் போதும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சியைச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதைச் செய்த அந்தக் கணத்திலேயே கொடுக்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும், அடுத்து எதைச் செய்தானோ அதற்குக் கிடைத்த பரிசு என்றே நாய் எடுத்துக்கொள்ளும். முற்றத்தில் உறுதிப்பட்ட பிறகு வாசலுக்கும், வாசலில் உறுதிப்பட்ட பிறகு தாமான் திடலுக்கும் செல்லுங்கள். இரவுச் சந்தையின் கூட்டம் கடைசியில்தான்.

இந்த ஐந்தில் "விடு" என்ற சொல்லுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். முதியோர் இல்லத்தின் தரையில் நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் விழுந்து கிடக்கக்கூடும். அன்போடு நீளும் ஒரு கையில் வெங்காயம் போட்ட வடையோ, திராட்சையோ, சாக்லெட்டோ இருக்கக்கூடும். மூன்றுமே நாய்க்கு நஞ்சாகக் கூடியவை. இறைச்சித் துண்டை மூடிய கைக்குள் வைத்து நாயின் முன் நீட்டுங்கள். அது நக்கும், மூக்கால் இடிக்கும், பொறுத்திருங்கள். முகத்தை விலக்கிக்கொண்ட நொடியில், "விடு" என்று பாராட்டும் குரலில் சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். விடச் சொன்ன பொருளை ஒருபோதும் அதற்கே தரக் கூடாது. சில வாரங்களில் தரையில் விழுந்த துண்டையும் தாண்டி நடக்கும்.

பெரிய நாய்க்கென்றே ஒரு பாடம் உண்டு. அது தாடையைத் தாங்கி வைப்பது. உள்ளங்கையில் ஒரு துண்டுத் துணியை விரித்து, நாய் அதன்மேல் தாடையை வைத்ததும் பரிசு கொடுங்கள். பிறகு அந்தத் துணியை நாற்காலியின் விளிம்பிலும், அடுத்து உங்கள் முழங்காலிலும் வைத்துப் பழக்குங்கள். துணி எங்கே இருக்கிறதோ அங்கே தலையை வைத்து அமைதியாக நிற்கக் கற்றுக்கொண்ட நாயை, முதியவரின் மடியில் துணியைப் போட்டு, அவருடைய இசைவோடு அருகில் அழைக்கலாம். அதே நேரத்தில், "கை கொடு" என்று பலர் ஆசையாகப் பழக்கும் வித்தையை மறக்கச் செய்யுங்கள். முதியவர்களின் தோல் வெங்காயச் சருகுபோல் மெல்லியது. பெரிய நாயின் நகம் லேசாகப் பட்டாலே கிழிந்துவிடும், நீரிழிவு உள்ளவருக்கு அந்தக் காயம் ஆற நாளாகும்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நான்கு கால் நடைத்தாங்கி ஆகியவற்றைக் கோயிலிலிருந்தோ தெரிந்தவரிடமிருந்தோ இரவல் வாங்கி, முதல் நாள் அசையாமல் நிறுத்தி, அதன் அருகில் உணவு வையுங்கள். பிறகு நாயை விட்டு விலகும் திசையில் மெதுவாக உருட்டுங்கள். அதை நோக்கி உருட்டுவது பல நாள் கழித்துத்தான். நடுங்கும் கை நாயின் காதைப் பிடித்து இழுக்கலாம், தட்டுகிறேன் என்று முதுகில் ஓங்கி அறையலாம். ஆகவே நீங்களே காதை மெல்லப் பற்றிக்கொண்டு உடனே இறைச்சி கொடுத்து, அத்தகைய தொடுகையை நல்ல செய்தியாக மாற்றிவிடுங்கள். வழுவழுப்பான ஓடு பதித்த தரையிலும் நடந்து பழக வேண்டும். பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் என்பதால், ஒருமுறை வழுக்கி விழுந்தாலும் அந்தத் தரையையே அஞ்சத் தொடங்கிவிடும். நகங்களையும் பாதத்தின் இடையே வளரும் முடியையும் வெட்டி வைத்தால் பிடிப்பு கிடைக்கும்.

கேள்வி: எங்கள் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, எல்லார் மேலும் தாவுகிறது. கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டால் இரண்டே நாளில் திருந்தும் என்கிறார் நண்பர். – ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் ஐயா. வலிக்குப் பயந்து அடங்கும் நாய், ஒரு முதியவரைப் பார்க்கும் நேரத்தில் கழுத்து இறுகினால், அந்த வலியை முதியவரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். மார்புப் பக்கத்தில் வளையம் உள்ள தோள்வாரை வாங்கிப் போடுங்கள். அதில் நாய் முன்னே இழுத்தால், உடல் உங்கள் பக்கமாகவே திரும்பும். கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் வீட்டிலிருந்து சாலை முனைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அதைப் பொறுத்துக்கொண்டால்தான் பலன் உண்டு. தாவும்போது பேசாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, நான்கு காலும் தரையில் பட்டதும் கவனம் கொடுங்கள். நீங்கள் திருப்பிக்கொள்ள, பிள்ளைகள் கட்டிக்கொண்டு கொஞ்சினால் எதுவும் நடக்காது. அமெரிக்கன் கெனல் கிளப் என்ற நாய் வளர்ப்பு அமைப்பு 1989இல் தொடங்கிய நற்குடிமகன் தேர்வின் பத்துப் பகுதிகளில், அந்நியர் நெருங்கி வருவதை ஏற்றுக்கொள்ளுதல், தடவும்போது அமர்ந்திருத்தல், தளர்ந்த கயிற்றில் நடத்தல், கூட்டத்தின் ஊடே செல்லுதல் ஆகியவை அடங்கும். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் அதையே உங்கள் பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் போக விரும்பும் இல்லத்தில் மலாய்த் தாதியர் இருவர் வேலை செய்கிறார்கள். அவர்கள் மனம் புண்படாமல் நாயை அழைத்துச் செல்ல முடியுமா? – ஒரு வாசகி, கோலகங்சார்

பதில்: முடியும், இந்தக் கேள்வியைப் போவதற்கு முன்பே கேட்டதற்கு நன்றி. நம் மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபி மரபைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சிலோ ஈரமோ உடலில் பட்டால், ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய நெறி. வேலை நேரத்தில் நம்மால் அவர்களுக்கு அந்தச் சிரமம் நேரக் கூடாது.

நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்று, வரும் நாளையும் நேரத்தையும் தாதியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒரே வாசல், ஒரே கூடம் என்று வரையறுத்துக்கொண்டு, சமையலறைப் பக்கமும் அவர்கள் தொழும் இடத்தின் பக்கமும் நாயைக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர்க் கிண்ணமும் துண்டும் வீட்டிலிருந்தே வரட்டும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும் நாயானால், அடிக்கடி துடையுங்கள். தாதி எதிரே வந்தால், நாயைச் சுவரோரம் உட்கார வைத்து, அவர் கடந்து போகும்வரை நில்லுங்கள். புறப்படுமுன் அந்தக் கூடத்தின் தரையை நீங்களே துடைத்துவிடுங்கள். "ஒன்றும் செய்யாது, தொட்டுப் பாருங்கள்" என்று வேடிக்கைக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அவர்கள் தொடாமல் இருப்பது வெறுப்பினால் அன்று. நான் செல்லும் இல்லத்தில் மலாய்த் தாதி ஒருவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டே, அந்த வாரம் மணியைப் பற்றி யார் யார் விசாரித்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குச் சொல்வார். யாரை முதலில் பார்ப்பது என்பதை அவர் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் ஐந்து ஆண்டுகளாகக் காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த பெரிய நாயை எடுத்து வளர்க்கிறோம். அதைப் பழக்கலாமா? – ஒரு வாசகர், தோட்டப்புறம்

பதில்: எடுத்து வளர்ப்பதற்கு என் வணக்கம். ஆனால் இப்பணிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். குட்டிப் பருவத்தில், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை, பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் கண்டு பழகிய நாய்க்குத்தான் அந்நியர் இயல்பாகத் தோன்றுவர். சங்கிலியில் வளர்ந்த நாய்க்கு, நெருங்கி வரும் ஒவ்வொருவரும் விரட்டப்பட வேண்டியவர் என்றே பாடம் ஆகியிருக்கும். பைரவரின் வாகனம் என்று கோயிலில் மாலை போட்டுக் கும்பிடும் நாமே, வீட்டு நாயை ஆயுள் முழுதும் ஒரு தூணில் கட்டிவைப்பதை எண்ணி நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். உங்கள் நாய்க்கு இனி வேலை எதுவும் வேண்டாம், அது ஓய்வெடுக்கட்டும். பிறருக்கு ஒன்று: ரோட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களை வளர்ப்பதற்கே நம் நாட்டில் கட்டுப்பாடுகள் உள்ளன. கால்நடைச் சேவைத் துறையிலும் உங்கள் ஊராட்சி மன்றத்திலும் விசாரித்து, உரிமத்தை முறையாக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தீபாவளி வெடிக்கும் இடிக்கும் நடுங்கும் நாய் உதவுமா? – ஒரு வாசகி, ஈப்போ

பதில்: மற்ற நேரங்களில் துணிவாக இருந்தால் உதவும். வெடி வெடிக்கும் வாரங்களிலும் மழை இருட்டிய மாலைகளிலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நோய் பரவாதா? நம் வெயிலை நாய் தாங்குமா? – ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஆண்டுத் தடுப்பூசிகள் தவறக் கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது என்பதால், அதற்கான ஊசியைப் பற்றியும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கான தடுப்பூசி, தோட்டத்துக் கால்வாய்களில் இறங்கும் நாய்களுக்கு மிக அவசியம். உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் காலந்தவறாமல் தர வேண்டும். பச்சை இறைச்சி கொடுத்து வளர்க்கும் நாயை, கிருமிகள் எச்சில் வழியே பரவக்கூடும் என்பதால், அழைத்துச் செல்லக் கூடாது. போவதற்கு முந்தின நாள் குளிப்பாட்டி நன்கு காய வையுங்கள். நாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் முதியவர்கள் கை கழுவ உதவுங்கள். திறந்த புண் உள்ளவரையும், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரையும் மருத்துவரின் சம்மதமின்றி நெருங்க வேண்டாம்.

நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் அது சரியாக நடப்பதில்லை, பெரிய உடலில் இன்னும் கடினம். காலை பத்து மணிக்கு முன்போ, மாலை ஐந்துக்குப் பின்போ செல்லுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால், நாயும் அதில் நடக்கக் கூடாது.

கேள்வி: நாய்க்கு இது பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு மாணவி, தைப்பிங்

பதில்: எனக்கு வந்த கடிதங்களிலேயே நான் மிக விரும்பிய கேள்வி இது. நாய் வாயால் சொல்லாது. உடலால் சொல்லிக்கொண்டே இருக்கும். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, வாலைத் தாழ்த்துவது, நனையாமலே உடலை உதறுவது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது ஆகியவை எல்லாம், போதும் என்பதன் வேறு வேறு வடிவங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது மணிக்கு இழைத்த ஒரு தவறினால். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது, எல்லாரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, லயத்து வீட்டில் வளர்த்த நாய்களைப் பற்றியும், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கூடவே வந்த நாயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியில் நான் நேரத்தை மறந்தேன். மணி கொட்டாவி விட்டான். சோம்பல் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பினான், வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு முதியவர் அணைக்கக் குனிந்தபோது, அவன் மெல்ல உறுமிவிட்டு, மரப்பெஞ்சின் அடியில் புகுந்துகொண்டான். யாருக்கும் காயமில்லை. ஆனால் அடுத்த வாரம் இல்லத்தின் வாயிலைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். மூன்று மாதங்கள், வாரந்தோறும் வாயிலுக்கு வெளியே இருந்த மரநிழலில் அவனோடு உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே வா என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனாகவே எழுந்து உள்ளே நடந்தான்.

பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. நான் நாற்பது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மணி வாசலைப் பார்க்கத் தொடங்கினால், பாதிக் கதையில் இருந்தாலும் விடைபெற்றுக்கொண்டு, மீதியை அடுத்த வாரம் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

முதல் கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு சொல். வீரா பழகி, இல்லத்தின் அனுமதியும் கிடைத்த பிறகு, முதல் நாள் உங்கள் பெரியம்மா ஒருவரை மட்டும் பார்க்கப் போங்கள். பத்து நிமிடம் போதும். அவருடைய நாற்காலியின் நல்ல கைப் பக்கம் வீராவை நிறுத்துங்கள். அவனுடைய தண்ணீர்க் கிண்ணத்தைக் காலியாகவே எடுத்துச் செல்லுங்கள். குப்பியிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.